கிரேக்கச் சிப்பாய் நித்தியானந்தன்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் தமிழ்க் கடைப்பக்கம் போய் நித்தியானந்தன் வீடு எது என்று கேட்டால், "எந்த நித்தியானந்தன், கிரேக்கரோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போதே வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தல்ல, அதன்மேல் வந்த கோபத்தில்தான் மனிதர் பஸ் ஏறிச் சவுத்தால் வரை போய் மரக்கறி வாங்கி வருவார். ரோசக்காரர்.

விஷயம் இதுதான். எண்பதுகளில் ஊரை விட்டு வெளிக்கிட்டவர், லண்டனுக்கு வந்து சேருமுன் கொஞ்சக் காலம் ரோமில் நின்றார். வேலையும் இல்லை, விசாவும் இல்லை. ஒரு விடியற்காலை ரயில் நிலையத்தடியில் ஒரு லொறி வந்து நின்று, உயரமும் உடம்பும் உள்ள ஆண்களாகப் பார்த்து ஏற்றியது. எதற்கு என்று கேட்க அவருக்குப் பாஷை தெரியாது. போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது, படம் பிடிக்கிறார்கள். தெய்வத்துக்கும் மானிடப் பெண்ணுக்கும் பிறந்த ஒரு வீரன், கடலுக்கடியில் கிடக்கும் வாளைத் தேடிப் போகிற கிரேக்கப் புராணக் கதை. அந்த வகைப் படங்களின் மவுசு இத்தாலியில் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு தயாரிப்பாளர் ஆசை விடாமல் கடைசியாக ஒன்று எடுத்துப் பார்த்தார். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'கடலரசனின் வாள்' என்று வரும். கதாநாயகனுக்கு மேலெல்லாம் எண்ணெய் பூசி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். நித்தியானந்தனுக்கு முழங்காலுக்கு மேலே நிற்கும் ஒரு பாவாடையும், வார் வைத்த செருப்பும், ஓர் ஈட்டியும் கிடைத்தன.

இவ்வளவும் சத்தியமான உண்மை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? முதல் பத்து வருடம் சொன்ன கதையில் அவர் கோட்டை வாசலில் நின்ற சிப்பாய். பிறகு அந்த வாசலுக்கே தளபதி. மகள் லோஜினி பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில் கதாநாயகனோடு நேருக்கு நேர் வாள் வீசிவிட்டார். கமெரா வேறு அவருடைய முகத்துக்குக் கிட்ட வந்து நின்றதாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னார்தான். அதற்காக முழுவதையும் பொய் என்று தள்ளிவிடலாமா?

தள்ளினார், மைத்துனர் இராசரத்தினம். நித்தியானந்தனின் மனைவி நகுலேஸ்வரிக்கு மூத்த அண்ணன், சட்டனில் வீடு, லண்டனுக்கு முதலில் வந்தவர் என்பதால் எல்லாவற்றிலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்ற நினைப்பு. எந்தக் கலியாண வீட்டில், சாமத்தியச் சடங்கு வீட்டில் சந்தித்தாலும், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி, "எங்கட கிரேக்கருக்கு வழி விடுங்கோ, வாளோட வாறார்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். நாலு பேரும் சிரிப்பார்கள்.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நித்தியானந்தனின் நெஞ்சை அரித்தது வேறு. நகுலேஸ்வரி என்ன நினைக்கிறாள்? தமையன் நக்கலடிக்கும்போது அவள் சிரித்ததும் இல்லை, புருஷனுக்காக ஒரு சொல் சொன்னதும் இல்லை. கலியாணம் கட்டிப் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. தன் பெண்சாதி தன்னைப் புளுகன் என்று நினைக்கிறாளா இல்லையா என்று அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் பயம். ஓம் என்று சொல்லிவிட்டால்?

அப்படியிருக்க, போன வசந்தத்தில் லோஜினி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய படங்களைத் தேடி எடுத்துத் துடைத்துத் திரையிடும் ஒரு சின்னத் தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதே படம். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிற உற்சாகத்தில் அவள் எல்லோருக்குமாக டிக்கெட் எடுத்துவிட்டாள், மாமாவுக்கும் சேர்த்து.

நித்தியானந்தன் அன்றைக்கு முழுக்க விசில் அடித்தபடி திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறி, தியேட்டரும் கிட்ட வந்தபோதுதான் தலையில் அடித்ததுபோல ஒன்று நினைவுக்கு வந்தது. ஹெல்மெட். மூக்கையும் இரண்டு கன்னத்தையும் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்ட அந்தப் பாழாய்ப்போன ஹெல்மெட். இத்தனை வருடமாகத் தன் வாயால் கமெராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தவர், அந்த முகத்தை மூடிக் கிடந்ததை வசதியாக மறந்திருந்தார். சுகமில்லை, திரும்பிப் போவம் என்று சொல்லிப் பார்த்தார். லோஜினி கேட்கவில்லை.

தியேட்டர் வாசலில் இராசரத்தினம் கோட்டும் சூட்டுமாக நின்றார். தங்கையின் புருஷன் தோற்கப்போவதைப் பார்க்க வந்தவர், ஏதோ கலியாண வீட்டுக்கு வந்ததுபோல உடுத்தியிருந்தார்.

படம் தொடங்கியது. முன்வரிசை முழுக்கத் தாடி வைத்த வெள்ளைப் பொடியங்கள். அட்டைத் தூண் ஆடினாலும் சிரிப்பு, கடல் பூதத்தின் கையில் தையல் தெரிந்தாலும் சிரிப்பு. நித்தியானந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெயிலில் வெறுந்தொடையோடு நின்று பார்த்திருந்தால் இவன்களுக்குச் சிரிப்பு வந்திருக்குமா? அந்தத் தூணைத் தூக்கி நிறுத்த எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்று இவன்களுக்குத் தெரியுமா?

கோட்டைச் சண்டை வந்தது. வாசலில் வரிசையாகச் சிப்பாய்கள். எல்லோரும் ஒரே உயரம், ஒரே பாவாடை, ஒரே ஹெல்மெட். இராசரத்தினம் குனிந்து, ஆனால் குரலைக் குறைக்காமல் கேட்டார்: "எங்க மச்சான் நீ? எல்லாற்ற தலையிலயும் சட்டி கவிட்டுக் கிடக்கு."

நித்தியானந்தன் கண்ணைக் கூர்மையாக்கித் தேடினார். இடமிருந்து பார்த்தார், வலமிருந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. எங்கோ அந்த வரிசையில் அவர் நிற்கிறார். எது தன் கால், எது தன் கை என்று சொல்ல ஏலவில்லை. தன்னைத் தானே அடையாளம் காணமுடியாத மனிதனை வேறு எவர் காணப்போகிறார்? அவர் கதிரைக்குள் சுருங்கினார். பக்கத்தில் நகுலேஸ்வரி ஆடாமல் அசையாமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய முகத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கதாநாயகன் கோயில் தூண்களை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். கூரை விழுந்தது. போருக்கும் அறிவுக்கும் உரிய அதீனாத் தெய்வத்தின் பெரிய சிலை முறிந்து, தலை உருண்டு வந்து படிக்கட்டில் குறுக்கே கிடந்தது. சிப்பாய்கள் உயிர் தப்பினால் போதும் என்று ஓடினார்கள். ஒருவன் தெய்வத்தின் நெற்றியில் மிதித்து ஓடினான். அடுத்தவன் மூக்கில் மிதித்தான். கும்பலாக எல்லோரும் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக ஓடிவந்த சிப்பாயின் கால் தெய்வத்தின் கன்னத்தில் பட்டது. அவன் தாண்டி ஓடினான். பிறகு நின்றான். பின்னால் கூரை விழுந்துகொண்டிருக்க, திரும்பி வந்து, குனிந்து, வலக்கையால் அந்தக் கன்னத்தைத் தொட்டு, ஹெல்மெட் ஓட்டைக்குள் விரலை விட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் ஓடினான். ஈட்டியை அங்கேயே விட்டுவிட்டான்.

முன்வரிசை வெடித்துச் சிரித்தது. தமிழர் இருந்த வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நகுலேஸ்வரி எழுந்து நின்றாள். "அண்ணை, அது இவர்."

"முகம் தெரியேல்லையே பிள்ளை" என்றார் இராசரத்தினம். அவருடைய குரலில் பழைய நக்கல் இல்லை.

"முகம் என்னத்துக்கு? அத்தனை பேரும் மிதிச்சுக்கொண்டு ஓடினாங்கள். சாந்துச் சிலைதான், ஏதோ ஒரு நாட்டுத் தெய்வந்தான். எண்டாலும் கால் பட்டிட்டுதெண்டு திரும்பி வந்து தொட்டுக் கும்பிட்டவர் ஒராள்தானே. நான் கட்டினது அந்த மனிசனைத்தான் அண்ணை. எனக்குத் தெரியாதே?"

முன்னாலிருந்து ஒருவன் திரும்பி, சத்தம் போடவேண்டாம் என்று வாயில் விரல் வைத்துக் காட்டினான். தமையனுக்கு முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாத நகுலேஸ்வரி, தான் வேலைத்தலத்தில் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், அந்தச் சிப்பாய் என் புருஷன் என்று அவனுக்கு மட்டுமல்ல, தியேட்டர் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சொல்லி, பக்கத்தில் இருந்தவரைக் கையால் காட்டினாள். தலைகள் திரும்பின. தாடிக்காரப் பொடியன் ஒருவன் எழுந்து கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். கடைசியில் இராசரத்தினமும், வேறு வழியில்லாமலோ மனதாரவோ, எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

திரையில் கதாநாயகன் வாளை உயர்த்திக்கொண்டிருந்தான். அவனை யார் பார்த்தார்கள்? நித்தியானந்தனின் நெஞ்சு நிமிர்ந்துபோய் இருந்தது. கண் கலங்கியிருந்தது. தளபதியாக நின்ற கதையிலும், வாள் வீசிய கதையிலும் காணாத பெருமையை அவர் அந்த இருட்டுக்குள் அனுபவித்தார். ஆனாலும் உண்மையை மறைத்து வாங்கிய பெருமையாக அது இருக்கக்கூடாது என்று அவருக்குப் பட்டது. மனைவி உட்கார்ந்ததும் அவளுடைய காதுப்பக்கம் குனிந்தார்.

"இஞ்சரும், இதுக்குத்தான் அண்டைக்கு என்னைப் படத்தில இருந்து கலைச்சுவிட்டவங்கள். இருந்தது அந்த ஒரு சிலை, அதுவும் உடைஞ்சு போச்சு. திருப்பி எடுக்க ஏலாமப் போச்செண்டு டிரெக்டர் பேசின பேச்சு. அந்தத் துண்டை வெட்டியிருப்பாங்கள் எண்டுதான் நினைச்சனான், வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நகுலேஸ்வரி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையெல்லே நீங்கள் முதல் சொல்லியிருக்க வேணும்" என்றாள்.