பிடி வைத்த பட்டை

பகலெல்லாம் ஊரார் வீட்டு நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து, கொத்தனாரான புருஷனைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். இதுதான் அவள் பிழைப்பு. சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து கொத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கையும் வாயும் மட்டும் நன்றாக வேலை செய்தன, வாய் கொஞ்சம் கூடுதலாகவே.

ஒருநாள் மாலை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை மாற்றும்போது அவள் இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. இருவரும் ஒன்றாகத் தரையில் சரிந்தார்கள். அவளாலும் எழுந்திருக்க முடியவில்லை. கூடவே குடியிருந்த அவர் அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்வரை அப்படியே கிடந்தார்கள்.

"என்னடா, ஜோடியா படுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்த நாத்தனார், தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து கைகொடுத்தாள்.

நாத்தனார் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மிச்சம் விழுந்த ரெக்சினில் ஓர் அகலப் பட்டை தைத்துக் கொண்டுவந்தாள். இடுப்பைச் சுற்றிக் கட்டினால் இரண்டு பக்கமும் முதுகிலும் பிடி இருக்கும். அக்குளில் கைகொடுத்துக் குனிந்து தூக்க வேண்டாம். பிடியைப் பற்றி, முழங்காலை மடக்கி, பின்னால் சாய்ந்தால் போதும், ஆள் எழும்பித் திரும்பிவிடுவார்.

"பேரு என்னக்கா? தூக்குப் பட்டையா? போலீஸ் வந்துடப் போகுது" என்றார் கொத்தனார்.

முதல் பட்டை தூக்கும்போதே பாதியில் கிழிந்தது. அடுத்ததில் பிடி கையை அறுத்தது. மூன்றாவது தாங்கியது. ஒரு வாரம் அவள் முதுகு கொஞ்சம் இளைப்பாறியது. பிறகு ஒருநாள் அவருக்கு உடம்பு துடைக்கும்போது, இடுப்புக்குச் சற்றுக் கீழே தோல் உரிந்து சிவந்திருப்பதைப் பார்த்தாள். பட்டையின் தையல் உராய்ந்திருக்கிறது. வலித்தால்தானே அவர் சொல்வார்? பட்டையை மூலையில் வீசிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

"எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிஞ்சுதுல்ல?" என்றார் அவர். "எடு அதை. தையலை வெளிப்பக்கமா திருப்பச் சொல்லு. உள்ள பஞ்சு வை. என் உடம்புல போட்டுப் பாத்துட்டுத்தான் இனி எதுவும் வெளிய போகணும்."

"வெளியவா? எனக்கே நிக்கத் தெம்பில்லங்க."

"உன்ன மாதிரி எத்தன பேர் இடுப்பு ஒடிஞ்சு கிடக்காங்களோ."

அவர் சொன்னது சரிதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியில் அவளோடு வேலை பார்த்த பெண்கள், அவள் கொண்டுபோன பட்டையைப் பார்த்து ஒவ்வொருவராகத் தங்களுக்கும் கேட்டார்கள். கொத்தனார் கட்டிலில் சாய்ந்தபடியே துணியை வெட்டினார், பக்கிள் கோத்தார், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். விழுந்த பிறகு முதல்முறையாக, காலையில் தானே அவளை எழுப்பினார்.

ஏஜென்சி மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "நோயாளி கீழ விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? இனிமே இதைக் கொண்டு போகக் கூடாது."

"பட்டை இல்லாம நாங்க விழுந்தோமே சார், அப்போ யார் பதில் சொன்னாங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி தன் பையைத் தரையில் வைத்தாள். இன்னொருத்தியும் வைத்தாள். பட்டை இல்லாமல் ஆளைத் தூக்கப் போவதில்லை என்று எல்லோரும் ஏஜென்சி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். வீடுகளிலிருந்து ஃபோன் மேல் ஃபோன் வந்தது. மதியம் மேனேஜர் ஒரு டாக்டரை அழைத்துவந்து பட்டையைக் காட்டினார். டாக்டர் அதைத் தானே கட்டிக்கொண்டு, தன்னைத் தூக்கும்படி அவளிடம் சொல்லிப் பார்த்தார். தொடையருகே இன்னொரு வார் வேண்டும் என்றார். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் ஒவ்வொன்று தைக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

இப்போது அவர்களின் ஒற்றை அறை வீட்டில் இரண்டு தையல் மிஷின்கள். நாத்தனார் கடை வேலையை விட்டுவிட்டாள். இடுப்பு போனதால் தூக்குகிற வேலைக்குப் போக முடியாத இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்கள். அவள் காலையில் மட்டும் நோயாளிகளிடம் போகிறாள். மத்தியானம் திரும்பினால் வீட்டில் காலை நீட்ட இடமில்லை.

"முதலாளியம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நூல் சிக்குது" என்றார் கொத்தனார்.

"முதலாளியாம். எனக்கு ஒரு மணி நேரம் தூக்கம் குடுங்க, போதும்."

மிஷின்கள் நிற்காமல் ஓடின. துணிக்கட்டின் மேல் தலையைச் சாய்த்து அவள் தூங்கிப்போனாள். யாரும் எழுப்பவில்லை.