லாட் முழுக்கப் பாஸ்

“கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்க்கிறியே, தூங்குறியா?” என்று அவளிடம் முதல் நாளே கேட்டவள் அவளுடைய ஓர்ப்படி, கணவனின் அண்ணன் மனைவி.

தூங்கவில்லை. உள்ளாடைக் கம்பெனியின் செக்கிங் மேசையில் அவளுக்குக் கொடுத்த வேலை, பாடிக்குள் வைத்துத் தைக்கும் ஸ்பாஞ்ச் கப்புகளை விரலால் அழுத்திப் பார்ப்பது. கட்டி தட்டினால் ரிஜெக்ட் பெட்டி, இல்லையென்றால் பாஸ் பெட்டி. கண்ணை மூடினால் விரலுக்குக் கூடுதலாகத் தெரிவதுபோல இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்துவைத்தாள். சத்தமே இல்லாமல் வந்து சத்தமே இல்லாமல் போகிறவளுக்கு அன்று மாலைக்குள் ‘பூனை’ என்று பெயர் விழுந்தது. வைத்ததும் ஓர்ப்படிதான்.

பூனை அவளை அக்கா என்று கூப்பிடுவாள். ஒரே வீட்டில் ஒருத்தி மாடியிலும் ஒருத்தி கீழேயும் குடியிருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்படியிருந்தும் அக்காவுக்குப் பேச விஷயம் தீர்ந்ததே இல்லை. பூனைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே இருப்பாள். விடிந்ததும் அந்தக் காய்ச்சல் சேதியைத் தெருமுனைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருவாள். இரண்டையும் அன்பாகத்தான் செய்வாள்.

அதனால்தான் இதை மட்டும் பூனை சொல்லவில்லை.

குளிக்கும்போது கையில் தட்டியது. இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு பட்டாணி. அசையவில்லை. வலிக்கவும் இல்லை. ஸ்பாஞ்சில் தட்டியிருந்தால் யோசிக்காமல் ரிஜெக்ட் பெட்டியில் வீசியிருப்பாள். தன் உடம்பை எங்கே வீசுவது? வலிக்காதது எப்படி வியாதியாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தலையைத் துவட்டினாள். பிள்ளைகளுக்கு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. பட்டாணி அங்கேயேதான் இருந்தது.

அப்போதுதான் கம்பெனி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் ‘மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை, இலவசம்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டி வந்தார்கள்.

“எழுத்தைக் கொஞ்சம் சின்னதா எழுதக் கூடாதா? டிரைவர் வேற ஆம்பளை.”

“காலையில இருந்து சாயங்காலம்வரை பாடி தைக்கிறோம். அதைப் போடுற இடத்தோட பேரைச் சொல்ல மட்டும் நாக்கு ஒட்டிக்குது,” என்றாள் மேசையில் ஆக ஒல்லியானவள். அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

“அப்ப நீ முதல்ல போ!”

“நான் ஏன் போகணும்?”

அக்கா கையைத் தட்டினாள். “சண்டை எதுக்கு? பேக்கிங்ல எப்படி லாட் பார்க்கிறாங்க? பெட்டிக்கு ஒரு பீஸ் எடுத்துப் பார்ப்பாங்க. அது சரியா இருந்தா பெட்டி முழுக்கப் பாஸ். நம்ம எல்லாருக்கும் ஒரே கேன்டீன், ஒரே தண்ணி, ஒரே முதுகுவலி. குண்டூசி போய்ட்டு வரட்டும். போதும்.”

இதில் என்ன தப்பு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. மேசை முழுக்கத் தலையாட்டியது. குண்டூசி முணுமுணுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்து, “எனக்கு ஒண்ணுமில்லையாம்,” என்றாள்.

“லாட் முழுக்கப் பாஸ்!” என்று அக்கா கத்தினாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். பூனையும் தட்டினாள். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பூனை அதை நம்பிவிட ஆசைப்பட்டாள். மத்தியானம்வரை நம்பவும் செய்தாள்.

மத்தியானம் வேன் நர்ஸ் உள்ளே வந்தாள். “காலையில இருந்து ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. மத்தவங்க எங்கே?”

அக்கா சாம்பிள் கணக்கைப் பெருமையாக விளக்கினாள். நர்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“அம்மா, உங்க பெட்டியில இருக்கிறதெல்லாம் ஒரே அச்சுல வந்தது. நீங்க ஒவ்வொருத்தரும் வேற வேற வயித்துல வந்தவங்க. இவங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா இவங்களுக்கு ஒண்ணுமில்லை. அதோட சரி.”

“வலிச்சா வர்றோம் சிஸ்டர்,” என்று ஒருத்தி இழுத்தாள்.

“வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. பெரும்பாலும் ஆரம்பத்துல வலிக்காது. தட்டுற கட்டியெல்லாம் புற்றுநோயும் கிடையாது. எது எதுன்னு முடிவு பண்ற வேலையை எங்ககிட்ட விட்டுடுங்க. சீக்கிரம் வந்தா குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஒளிச்சு வைக்கிறதுதான் ஆபத்து.”

பூனையின் கையிலிருந்த கப் அப்படியே நின்றது.

அக்கா ஒரு நொடியில் கட்சி மாறினாள். “கேட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல! எந்திரிங்க. ரெண்டு ரெண்டு பேரா போங்க.” சூப்பர்வைசரைப் பேசியே மடக்கி, ஒவ்வொரு ஜோடியாகத் தள்ளிவிட்டாள். மேசை காலியாகிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்தது அவர்கள் இருவர்தான். பூனை எழுந்து கழிவறைக்குப் போனாள். அக்கா பின்னாலேயே வந்தாள்.

“என்னடி, வேன் இந்தப் பக்கமா இருக்கு?”

பூனை அக்காவின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். அக்காவின் விரல்கள் ஒருமுறை அழுத்தின. மறுபடி அழுத்தின.

“எப்போ இருந்து?”

“பிள்ளைங்க லீவுல இருந்து.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரிக்கா.”

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. குழாயைத் திறந்து, அழுக்கே இல்லாத கையை நிதானமாகக் கழுவினாள்.

“சரிதான்,” என்றாள். “ஆனா இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரர்கிட்டகூட. இப்ப நட.”

வேனில் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்தார்கள், ஊசி வைத்துத் துளி சதை எடுத்தார்கள். சந்தேகப்பட்டதுதான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை. மார்பை முழுக்க எடுக்க வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் வைத்தியம் கொடுக்கலாம் என்றார் டாக்டர். பூனையின் கணவன் மலைத்துப்போய் நின்றான். கேள்வியெல்லாம் கேட்டவள் அக்காதான். படம் எடுக்கும் மெஷின் அறைக்காரனையும் விடவில்லை. “இந்தத் தட்டைக் கொஞ்சம் சூடு பண்ணி வைக்கக் கூடாதா தம்பி? ஐஸ் மாதிரி இருக்கு. பிள்ளை நடுங்குறா பாரு.”

தெருவிலும் கம்பெனியிலும் கேட்டவர்களுக்கெல்லாம், “பல் பிடுங்கப் போறா,” என்றாள்.

“திரும்பவுமா? பூனைக்கு எத்தனை பல்லுடி?”

“எல்லாம் சொத்தை,” என்பாள் அக்கா, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறும்வரை அந்தப் பல் கதையே ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பூனை கேட்பாள், “அப்படியே நீயும் காட்டிடேன்க்கா.” அக்காவும் ஒவ்வொரு தடவையும், “முதல்ல உன்னுது முடியட்டும்,” என்பாள். ஊரையே வேனில் ஏற்றியவள் தான் மட்டும் ஏறவேயில்லை என்பது பூனைக்கு அப்போதுதான் உறைத்தது.

பூனை வேலைக்குத் திரும்பிய அன்று மேசையில் கேலி களைகட்டியது.

“வாயைத் திறடி, புதுப் பல்லைப் பார்ப்போம்!” என்றாள் குண்டூசி.

“பல் இல்ல,” என்றாள் பூனை. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “மார்புல புற்றுநோய். சின்னதா இருக்கும்போதே போயிட்டேன், எடுத்துட்டாங்க. கதிர் வைத்தியம் இனிமேதான்.”

குண்டூசி மேசையைச் சுற்றி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பூனை எதிரே இருந்த அக்காவைப் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னே, அப்படியே சொல்லல. நீ இல்லேன்னா நான் போயிருக்கவே மாட்டேன். எல்லாரையும் ஜோடி ஜோடியா அனுப்பினியே, நீ மட்டும் ஏன்க்கா போகல?”

“எனக்கென்னடி, நான் கல்லு மாதிரி…” என்று தொடங்கிய அக்கா பாதியில் நிறுத்தினாள். “ஆபரேஷனுக்கு உன்னை உள்ளே கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க பாரு. அன்னைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமா இருக்கு பூனை.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. எதிர்த் தெரு கிளினிக்ல இப்ப அந்த வேன் நர்ஸ்தான் இருக்காங்க. சாயங்காலம்வரை பார்ப்பாங்க. கூட வரட்டுமா?”

அக்கா ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பையை எடுத்தாள். பூனையின் தோளை அழுத்தி அவளை அங்கேயே உட்காரவைத்தாள். ‘எங்கே போறீங்க’ என்று சூப்பர்வைசர் கேட்டதற்கும் திரும்பவில்லை. மெஷின்களுக்கு நடுவே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் எதிர்த் தெரு கிளினிக்கை நோக்கிப் போனாள்.