மூன்று மாதக் குடுமி

"தலைய ஆட்டாதீங்க. ஆட்டினா மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும்."

சண்முகவடிவு கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடியே அதட்டினாள். தேயிலைத் தோட்ட லயத்தில், அவர்களது ஒற்றையறைக் காம்பராவின் நடுவில் குந்தியிருந்த நல்லமுத்து மூச்சைக்கூட அளந்து விட்டான். அவன் தலையில் முடி கட்டைவிரல் கணு அளவுதான் இருந்தது. அதற்குள் கறுப்பு நூலை ஓட்டி, தன் சொந்தச் சவுரியை இறுக்கி, இடது பக்கம் சாய்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். எட்ட நின்று பார்த்தாள். பழைய புருசன் திரும்பி வந்துவிட்டான்.

"அப்புடியே படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு," என்றாள். ஆனால் அவள் கண்ணில் பயம்.

அந்தப் படம் நாலு வருசத்துக்கு முந்தியது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவில் ஒட்டியது. அதில் நல்லமுத்து பக்கக் குடுமியோடு விறைத்து நிற்கிறான். தோட்டத்தில் இளவட்டமெல்லாம் கிராப்பு வெட்டிக்கொண்ட காலத்திலும் அவன் மட்டும் குடுமியை விடவில்லை. அப்பன் செல்லசாமியின் கட்டளை அது. "இடப்பக்கம் சாஞ்ச குடுமின்னா நம்ம கூட்டம்டா. நான் இருக்கிறவரைக்கும் ஒன் தலையில கத்தி படக்கூடாது. நான் போற அன்னிக்குப் படாம இருக்கக் கூடாது." மாசி மாதம் கிழவர் கண்ணை மூடினார். ஒரே மகன் நல்லமுத்து மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மனு தள்ளுபடியானால் அவனும் அவளும் இரண்டு பிள்ளைகளும் கப்பலேற வேண்டியதுதான். அக்கரையில், இந்தியாவில், எந்த ஊரில் இறங்குவது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

நோர்வூட்டில் பஸ் ஏறும்போது மஃறூப் நானா காத்திருந்தார். கடைக்காரர், மனுவை எழுதிக் கொடுத்தவரும் அவரே. நல்லமுத்துவின் தலையைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"என்னாப்பா, பொஞ்சாதி சவுரிய வச்சிக்கிட்டா கவர்மெண்டுக்குப் போறே?"

"மெதுவா, நானா. பஸ்ஸே திரும்பிப் பாக்குது."

"அப்பன் செத்தாரு, மொட்ட போட்டேன்னு உள்ளதச் சொல்லிரலாமே?"

"பக்கத்து லயத்து அழகன் உள்ளதத்தானே சொன்னான்? மீசைய எடுத்துட்டுப் போனவன, படத்துல இருக்கிறது நீ இல்லன்னு அனுப்பிட்டாங்களே!"

"அதுவும் சரிதான். எனக்கே ஒண்ணும் வெளங்கல," என்று மஃறூப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்டன் பிரஜாவுரிமைக் கந்தோரில் நானாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அதிகாரி. பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். அதிகாரி படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். குடுமியைப் பார்த்தார். தலையசைத்தார்.

அடுத்து அப்பனைப் பற்றிக் கேள்வி. அங்கேதான் அவன் பலமே இருந்தது. அவன் பிறப்பை யாரும் பதியவில்லை; ஆனால் செல்லசாமி றொசல்லத் தோட்டத்தில் பிறந்ததற்குப் பதிவுத் துண்டு இருந்தது. செல்லசாமியின் மகன் என்று நிரூபித்தால் போதும்.

"தகப்பன் எங்க இப்ப?" மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"தவறிட்டாருங்க. மாசி மாசம்."

"நீர்தானோ மூத்த மகன்?"

"ஆமாங்க. ஒரே மகன்."

"கொள்ளி வச்சது ஆர்?"

"நாந்தாங்க!" பெருமையாகவே வந்துவிட்டது வார்த்தை.

மொழிபெயர்ப்பாளர் அதை உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. அவர் பார்வை மெல்ல ஏறி, இடப்பக்கம் சாய்ந்த முடிச்சில் வந்து நின்றது. விரல் மடக்கி எண்ணினார். மாசி, பங்குனி, சித்திரை.

"கொள்ளி வச்சவனுக்கு மூண்டு மாசத்தில இவ்வளவு குடுமியோ?"

குடுமி இருந்தால் படத்தில் இருப்பவன் நல்லமுத்து. ஆனால் செல்லசாமிக்கு மகன் இல்லை. குடுமி இல்லாவிட்டால் செல்லசாமிக்கு மகன். ஆனால் படத்தில் இருப்பது வேறு எவனோ. எதை விடுவது? எதைப் பிடிப்பது? மூளை ஒரு பக்கம் இழுக்க, கை தானாக மேலே போனது. ஊசி கழன்றது. நூல் அறுந்தது. சண்முகவடிவின் சவுரி தேங்காயெண்ணெய் மணத்தோடு மேசைமேல், படத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதிகாரியின் காதில் நீளமாக ஏதோ சொன்னார். நல்லமுத்துவுக்குச் சிங்களம் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் 'தாத்தா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. தாத்தா என்றால் அவர்களுக்கு அப்பன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். படத்தைக் கையிலெடுத்து, கட்டைவிரலால் அதிலிருந்த குடுமியை மட்டும் மறைத்துக்கொண்டு, விரலுக்குக் கீழே மிச்சமிருந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எதிரே நின்றவனின் முகத்தைப் பார்த்தார்.

எந்த முகத்தைக் காட்டுவதென்று தெரியாமல், நல்லமுத்து படத்தில் நின்ற மாதிரியே விறைத்து நின்றான்.