தமயந்தியின் அளவு

கல்யாணப் பட்டின் பழைய ரவிக்கையைத் தமயந்தியின் உடம்பில் மாட்டிவிட்டு, பிரபா ஊக்கு தேடிக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். ஆம்பூரிலிருந்து வந்திறங்கியவள் அண்ணியைப் பார்த்தே நாலு வருஷம் ஆகியிருந்தது.

"எப்படி இருந்த உடம்பு! சக்கரை இப்படி உருக்கிடுச்சே!"

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மகள் சிந்துவுக்குச் சுருக்கென்றது. அம்மாவைக் கொண்டுபோனது மூளையில் வெடித்த ஒரு ரத்தக்குழாய். பிறவியிலேயே இருந்த பலவீனம் என்றார் டாக்டர். அம்மா மல்லுக்கட்டி ஜெயித்த எதிரியிடமே தோற்றுவிட்டதாகச் சொல்லியா வழியனுப்புவது?

"அத்தை, சக்கரைய அவங்க அடக்கி மூணு வருஷமாச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. ஊர்ல ஆளாளுக்கு பயமுறுத்துவீங்கன்னுதான் சொல்லல."

"குண்டு குறையத்தானேடி அது?"

அன்றைக்கு அப்பா அப்பாதுரையும் இதையேதான் கேட்டார். செய்துதான் ஆகவேண்டும் என்றால் இரைப்பையை மட்டும் சிறிதாக்கினால் போதாதா என்று பயந்தார். குடலையும் மாற்றி இணைக்கிற பைபாஸில் சர்க்கரை இன்னும் நன்றாக அடங்கும் என்று கேட்டறிந்த அம்மா அசையவில்லை. "எடை கெடக்கட்டும் டாக்டர். எனக்கு ஊசி நிக்கணும்." எடை இறங்குமுன்பே சர்க்கரை இறங்கியது, ஊசி நின்றது. அதற்கப்புறம் சின்னக் கிண்ணத்தில் நாலு வாய்தான் சாப்பாடு. பந்தியில் பாயசம் வந்தால் எழுந்துவிடுவாள். அவர்கள் குடியிருந்த மர்பி டவுனே வேடிக்கை பார்க்க, காலையில் கைவீசி நடந்தாள். என்ன வைராக்கியம் அது!

சிந்து பீரோவிலிருந்து புது ரவிக்கையை எடுத்துவந்தாள். "அந்த ஊக்கெல்லாம் வேணாம். இதப் போடுங்க, போன மாசம் தச்சது."

கச்சிதமாகப் பொருந்தியது. பிரபா எட்ட நின்று பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்குக் கூட அண்ணி இவ்ளோ லட்சணமா இல்லடி" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசித் தட்டு வந்தது. அப்பாதுரை விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தார்.

"கை நெறைய எடுண்ணே" என்றாள் பிரபா.

"அவளுக்கு இவ்ளோ போதும்மா." அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. நிமிர்ந்துதான் நின்றார்.

சிந்துவும் அப்படியே எடுத்துப் போட்டாள். பின்னால் நின்ற பிரபா தன் கை அரிசியைத் தட்டிலேயே உதிர்த்துவிட்டு, நாலு மணியை மட்டும் விரலில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.