மணலுக்குள் போன மஞ்சள்காரன்

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் நாற்காலிகளுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே கடல் தண்ணீர், சர்க்கரை போல வெள்ளை மணல், ஓட்டை ஓட்டையாய்ப் பாறைகள், பாசி மேய ஒன்றிரண்டு நத்தைகள். மீன் மட்டும் இல்லை. இரண்டரை மாதமாக இல்லை.

"ஏம்மா, தண்ணியப் பாக்கவா டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கோம்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவள் சிரித்து மழுப்புவாள். அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். அவள் அம்மாவே ஒருமுறை பல்வலி என்று வந்தபோது வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

பதினோரு வருடமாக அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது, உப்பு அளப்பது, தீனி போடுவது எல்லாம் அவள்தான். யாரும் அவளிடம் ஒப்படைத்த வேலை இல்லை. தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பல் பிடுங்க வருகிறவனின் பயம் எவ்வளவு என்பது உள்ளே இருக்கும் டாக்டரைவிட வெளியே இருக்கும் அவளுக்குத்தான் தெரியும். ஒரு லாரி டிரைவர் வருவார். கதவளவு ஆள், மீசையே முழம் நீளம். துளைபோடும் கருவியின் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளையாகிவிடுவார். தொட்டியை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்து மீனைப் பார்த்தபடி இருந்தால்தான் அவருக்கு மூச்சே சீராக வரும். மீன் போனதும் அவரும் வருவதை நிறுத்திவிட்டார். பாதி வேலை முடிந்த பல்லோடு எந்த ஊர்ச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறாரோ!

மீன்கள் போன கதை கொஞ்சம் வருத்தமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஏதோ ஒரு கடையில் மூன்று நீல மீன்களை வாங்கினாள். படத்தில் மயில்கழுத்து மாதிரி மின்னின. ஒரு நாள் தாமதித்து வந்த பெட்டியில் ஒன்று செத்தே இருந்தது. மற்ற இரண்டும் உயிரோடிருக்கின்றனவே என்ற சந்தோஷத்தில், ஒரு நாள்கூடத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் அவற்றின் மேல் உப்புத் தூவினது போல் வெள்ளைப் புள்ளி. வாரம் முடிவதற்குள், ஆறு வருடமாக இருந்த ஆரஞ்சு ஜோடி உட்பட எல்லாம் காலி. கடைக்குப் போன் போட்டால் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. டோக்கன் அக்கா கருவிகளைக் கொதிக்க வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நோய்க்கிருமி மீன் கிடைக்காமல் பட்டினி கிடந்து சாகட்டும் என்று அவள் தொட்டியைக் காலியாக விட்டாள். அதற்குள் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"எடுத்துடலாம்மா. அந்த இடத்துல ஒரு டிவி மாட்டலாம். என் மச்சினன்தான் டிவிக் கடை வச்சிருக்கானே!"

"டாக்டர், ஒரே ஒரு தடவ. இந்தத் தடவ மீன் நிக்கலன்னா நானே தொட்டியக் கழுவிக் குடுத்துடறேன்."

"சனிக்கிழம வரைக்கும் டைம். ஞாயித்துக்கெழம டிவில மேட்ச் இருக்கு, அவன் குதிக்கிறான்."

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. விசாரித்து விசாரித்து, மீன் விற்கும் ஓர் அம்மாளைப் பிடித்தாள். போனில் அந்த அம்மாளின் குரல் தகர டப்பாவில் கல் உருட்டினது போலிருந்தது. டோக்கன் அக்கா, புது நோயாளிக்கு நிரப்பும் படிவத்தையே எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள்.

"வயசு?"

"ஒண்ணரை இருக்கும்."

"கடைசியா எப்ப சாப்பிட்டான்?"

"இப்பத்தான். இறால் துண்டு. வீடியோ அனுப்பறேன், பாத்துக்கோ."

"இதுக்கு முன்னாடி ஏதாவது வைத்தியம்?"

"மூணு வாரமாத் தனித்தொட்டியில வச்சு மருந்து போட்டு, ஒரு புள்ளி இல்லாமத்தான் தரேன்."

"அலர்ஜி?"

"யாருக்கு, எனக்கா? இப்படிக் கேள்வி கேக்கறவங்கதான் அலர்ஜி!" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "சரி, இப்ப நான் கேக்கறேன். உன் தொட்டில மூடி இருக்கா? இவன் குதிப்பான். மணல் நாலு விரல் ஆழமாவது இருக்கா? இவன் மணலுக்குள்ளதான் தூங்குவான். உப்பு அளவு சொல்லு, அதே அளவுல தண்ணி ஊத்தி அனுப்பறேன். பையத் தொறந்துட்டு வேடிக்க பாத்துட்டு நிக்காத. மூடியிருக்கிற வரைக்கும் ஒண்ணுமில்ல, காத்துப் பட்டா உள்ள இருக்கிற அழுக்கு விஷமாயிடும்."

இவ்வளவு கேட்கிற கடைக்காரியை நம்பலாம் என்று டோக்கன் அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை மதியம் தெர்மோகோல் பெட்டி வந்தது. பைக்குள் பை, அதற்குள் விரல் நீளத்தில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு மீன். பையை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் பிரித்து, மீனை மட்டும் மெல்ல உள்ளே விட்டாள். மஞ்சள்காரன் ஒரு சுற்றுச் சுற்றினான், இவளை ஒரு பார்வை பார்த்தான், தலைகீழாக மணலில் பாய்ந்தான். அவ்வளவுதான்.

செவ்வாய், ஆள் இல்லை. புதன், இல்லை. காலை பத்து மணிக்குப் போட்ட தீனி சாயங்காலம் வரை கரைந்து கிடந்தது.

"செத்துட்டானா?" என்றாள் போனில் மீன்கார அம்மாள்.

"தெரியலயே! கண்ணுல பட்டாத்தானே?"

"செத்திருந்தா போட்டோ அனுப்பு, வேற மீன் தரேன். அதான் என் பேச்சு. காணாமப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"காணோம்ங்கறதயே போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?"

"வெறும் மணல அனுப்பி என்னைய ஏமாத்தப் பாக்காத. பயந்திருக்கான், வருவான். கிளறாத, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை டாக்டர் கையில் நீளமான இடுக்கியோடு வந்தார். "ஒரே நிமிஷம். எங்க இருக்கான்னு குத்திப் பாத்துடறேன்."

"டாக்டர், அது பல் இல்ல!" என்று அவள் குறுக்கே நின்றாள். குறுக்கே நின்றாளே தவிர, நெஞ்சுக்குள் நம்பிக்கை நூலாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை, ஆட்கள் வருவதற்குள் தொட்டியைத் தன் கையாலேயே காலி செய்துவிடலாம் என்று ஏழு மணிக்கே வந்தாள். பதினோரு வருடத்தில் அவள் அந்த நேரத்துக்கு வந்ததே இல்லை. வாசலில் மச்சினர் சுவரில் துளைபோடும் கருவியோடும் ஏணியோடும் நின்றார். கதவு திறந்திருந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. உள்ளிருந்து வசவு கேட்டது.

"போடா அந்தாண்ட! வேல செய்ய விடறியா நீ? தெனம் இதே ரோதனையாப் போச்சு!"

சின்னம்மா! விடியற்காலையில் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்துவிட்டு, எட்டு மணிக்குள் பூட்டிக்கொண்டு போய்விடுகிறவள். அந்தக் கட்டடத்திலேயே பருமனான ஆள் அவள்தான், பெயர் மட்டும் சின்னம்மா. தொட்டியின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி இடப்பக்கம் போனால் கண்ணாடிக்கு உள்ளே மஞ்சள்காரன் இடப்பக்கம் போனான். மேலே போனால் மேலே. துணி நின்றால் அவனும் நின்று, வாலை ஆட்டினான்.

டோக்கன் அக்காவின் கையிலிருந்த வாளி தரையில் விழுந்து உருண்டது.

"சின்னம்மா! இவன்... இவன் எப்ப வெளிய வந்தான்?"

"செவ்வாய்க்கெழமலேர்ந்து தெனம் வரானே! நான் வந்து லைட் போட்டா இங்க நிக்கறான். பாறையில என்னத்தையோ கொத்திக் கொத்தித் திங்கறான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதென்ன கேள்வி? வாங்கினவ நீ. ஒன் மீனு இருக்குன்னு நான் வந்து ஒனக்குச் சொல்லணுமா?"

டோக்கன் அக்கா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. உடனே போனை எடுத்தாள்.

"அம்மா, இருக்கான்! காலைலதான் வரான். பத்து மணிக்கு மேல ஆளே இல்ல!"

எதிர்முனையில் நெற்றியில் அடித்துக்கொள்ளும் ஓசை நன்றாகவே கேட்டது. "அட கூறுகெட்டவளே... ஒன்னை இல்ல, என்னைச் சொல்லிக்கறேன். ராத்திரி கரன்ட் விலை கம்மின்னு என் தொட்டிக்கெல்லாம் நடுராத்திரிதான் லைட் போடுவேன், காலைல பத்து மணிக்கு அணைப்பேன். அவனுக்கு நீ ஆஸ்பத்திரி தொறக்கற நேரம் பொழுது சாயற நேரம்!"

அத்தனை கேள்வி கேட்டாளே டோக்கன் அக்கா, படிவத்தில் ஒரு வரி பாக்கி வைக்காமல்! எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று மட்டும் கேட்கவில்லை.

இதற்குள் மச்சினர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சின்னம்மாவின் துணியை வாங்கிக்கொண்டார். இடம், வலம், ஒரு வட்டம். மஞ்சள்காரனும் இடம், வலம், ஒரு வட்டம். "ஏய், ஏய், பாருங்க, எட்டுப் போட்டா எட்டுப் போடறான்!"

"மணி என்ன ஆச்சு?" டோக்கன் அக்கா பரபரத்தாள். "டாக்டர் பத்து மணிக்கு வந்தா இவன் படுத்துடுவான். கூப்பிடுங்க உங்க மாமாவ!"

"எட்டு மணிக்கு முன்னாடி எழுப்பினா அவர் என் பல்லப் புடுங்கிடுவார்."

"புடுங்கட்டும், வலிக்காமப் புடுங்குவார். கூப்பிடுங்க!"

டாக்டர் கலைந்த தலையும் கால் மாற்றிப் போட்ட செருப்புமாக வந்தார். தொட்டியைப் பார்த்தார், துணியோடு நிற்கும் மச்சினனைப் பார்த்தார்.

"டிவி எங்கடா மாட்டப் போற?"

"உள்ள, உங்க நாற்காலிக்கு நேர் மேல, கூரையில மாட்டலாம் மாமா. வாயத் தொறந்து படுத்திருக்கறவனுக்கு அங்கதான் வேணும்." அவர் கண்ணை மீனிலிருந்து எடுக்கவில்லை. "இங்கதான் ஆள் இருக்கே!"

அன்று முதல் டோக்கன் அக்கா தொட்டி விளக்கின் நேரத்தைத் தினம் அரைமணி தள்ளித் தள்ளி வைத்தாள். மஞ்சள்காரன் பத்தரைக்குப் படுத்தான், பதினொன்றுக்குப் படுத்தான், அடுத்தடுத்த வாரங்களில் சாயங்காலம் வரை விழித்திருக்கப் பழகினான். காலைத் தரிசனம் போச்சே என்று சின்னம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு தானே சாயங்காலம் ஒரு நடை வந்து கண்ணாடி துடைத்துவிட்டுப் போனாள்.

லாரி டிரைவருக்கும் செய்தி போனது. வந்தார். தொட்டியை ஒட்டின நாற்காலியில் பயந்தபடி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைக்கப் போனார். துண்டு ஆடியதும் கண்ணாடிக்குள் மஞ்சள்காரன் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"அடுத்து நீங்கதான், உள்ள போங்க," என்றாள் டோக்கன் அக்கா.

"இரும்மா, இரு," என்றார் டிரைவர், துண்டை மெல்ல இடப்பக்கம் நகர்த்தியபடி. "எனக்குப் பின்னாடி இருக்கறவர மொதல்ல அனுப்பு. நாங்க ரெண்டு பேரும் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."