இரும்பைத் தொடாத உருண்டை

இந்தக் காலத்து ஆட்கள் எதையும் துடைத்து வைப்பதில்லை. படித்தவர்கள் இன்னும் மோசம். என் சின்ன மகளின் ஆராய்ச்சி அறையில் ஒரு இரும்புத் தட்டு அடுப்பின்மேல் பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஜாடித் தண்ணீரில் ஊறி உப்பின, கோலிக்குண்டு மாதிரி வழவழ உருண்டைகள்.

அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் போனேன்.

"உக்காருங்கப்பா, பெரியவரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கினாள். பெரியவர் அவளுடைய பேராசிரியர்; சூடான தட்டின்மேல் அந்த உருண்டை தொடாமல் மிதப்பதை அவர் கண்ணால் பார்த்தால்தான் பட்டமாம். நாலு வருஷ உழைப்பு.

நான் நாற்பது வருஷம் இரும்பு உருக்கும் பட்டறையில் வெந்தவன். உருகின இரும்பில் ஈரம் பட்டால் வெடிக்கும். என் இடது காது அதற்குச் சாட்சி. சும்மா இருக்க முடியுமா? உருண்டைகளை அள்ளித் துண்டால் துடைத்துத் தட்டோரம் காயவைத்தேன்.

அரைமணி கழித்து வந்தார்கள். உருண்டைகள் சுருங்கிக் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள். ஒட்டிக்கொண்டு கருகியது.

"இதுக்குப் பேர் மிதக்கறதாம்மா? என் செருப்பே இதைவிட நல்லா மிதக்கும்" என்றார் பெரியவர்.

"யாரு இதைத் தொட்டது?" என்றாள் மகள்.

"நான்தான். ஈரமா கெடந்துச்சு, தொடைச்சேன்."

"அப்பா! அந்த ஈரம்தாம்ப்பா எல்லாமே!"

ஜாடிக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒன்று, என் விரலுக்குத் தப்பினது.

"இந்தா, ஒண்ணு இருக்கு பாரு."

கரண்டியில் எடுத்துத் தட்டில் விட்டாள்.

அது விழுந்தது, எழும்பியது. கீச்சென்று கத்திக்கொண்டு மறுபடி எழும்பியது. பிறகு நின்று நிதானமாக, தூக்கத்தில் நடப்பது போல நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். உருண்டைக்கும் இரும்புக்கும் நடுவே முடியளவு வெளிச்சம். அறையே அந்தக் கீற்றின்மேல் மெல்ல ஆடுகிற மாதிரி இருந்தது. என் கால் தரையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

பெரியவரும் குனிந்து பார்த்தார். "சரிம்மா, ஒத்துக்கறேன்" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி அதைத் தூக்குதுப்பா."

"தன்னைத் தானே தூக்கிக்குதா? காந்தம் கீந்தம் வெச்சிருப்பே."

"அடியில வேணா பாருங்க!"

பார்த்தேன். அடுப்பு மட்டும்தான், காந்தம் இல்லை. அதனால் என்ன? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். நாற்பது வருஷம் பார்த்தாயிற்று. எந்த ஈரமும் யாரையும் தூக்கிவிட்டதில்லை.