சிலுவை இல்லாத தண்டை

பெரியம்மையில் குழந்தை போனபோது, ஊர் வழக்கப்படி அதன் பாயையும் துணிகளையும் செஞ்சி ஏரிக்கரைக் குப்பையில் எறிந்துவிட்டார்கள். துணி மூட்டையோடு வெள்ளித் தண்டையும் போய்விட்டது என்று ஜோசப்பினுக்குப் பிறகுதான் தெரிந்தது. மகளின் நினைவாக ஒரு போட்டோகூட அவளிடம் இல்லை.

அவள் படும் பாட்டைப் பொறுக்காமல் கணவன் காஸ்பர், கண்ணிவெடி தேடும் பழைய பட்டாளத்துக் கருவி ஒன்றை மதராஸில் வாங்கி வந்தான். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதன் காதுக்குழலில் சத்தம் கேட்கும். இருவரும் கரையெல்லாம் அதை வைத்துத் தடவிக்கொண்டு நடந்தார்கள். தகர டப்பா, மாட்டு லாடம், நவாபு காலத்துக் காசு என்று ஏதேதோ கிடைத்தன.

துணி துவைத்துக்கொண்டிருந்த செல்லம்மாள் சீண்டினாள். "இன்னா காஸ்பரு, கோட்டைப் புதையலா? கெடைச்சா எனக்கொரு ஒட்டியாணம் பண்ணிப் போடு!"

காதுக்குழலில் மறுபடி சத்தம் கேட்டது. காஸ்பர் தோண்டியதும் சின்னத் தண்டை ஒன்று வந்தது. ஜோசப்பின் அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மகளின் தண்டையில் அவர்கள் ஆசாரியிடம் சொல்லிக் கொத்தவைத்த சிலுவை இதில் இல்லை.

"இதையாவது வச்சிக்கோ ஜோசி" என்றான் காஸ்பர்.

"எவ பெத்த புள்ளையோடதோ. அவளும் தேடிக்கினு வருவா இல்ல?"

தண்டையை எடுத்த குழியிலேயே வைத்து, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் அவள் மண்ணை மெல்லத் தள்ளி மூடினாள்.